மருதாணி ஏறியது, கோடு ஏறவில்லை

திங்கள் காலையிலிருந்து அந்தக் கை நீட்டும் மேடைக்குப் பின்னால் என் இடத்தில் நீங்கள் நிற்கப் போகிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது! மேற்படிப்புக்கு இடம் கிடைத்து நான் கிளம்புகிறேன். முப்பது வயதுகூட ஆகாதவள், ஏதோ பணி ஓய்வு பெற்றவளைப் போல உட்கார்ந்து அனுபவம் எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

கையை எப்படிக் கழுவ வேண்டும், தலையில் மாட்டும் வலைக்குள் முடியை எப்படிச் செருக வேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. சுவரில் ஒட்ட முடியாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே பிஸ்கட் வாசனை வீசும் தெரு நம்முடையது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலிலும், பழவேற்காட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸிலும் வந்து இறங்கும் பெண்கள் உடை மாற்றிக்கொண்டு வரிசையாக நம் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, கடைசியில் நகம். நகம் வளர்ந்திருந்தால் வெட்டச் சொல்ல வேண்டும். புண், சீழ், உடைந்த நகம், சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் சிவப்புச் சீட்டு. அன்றைக்கு உள்ளே விட முடியாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் சேர்ந்த புதிதில் இந்த வேலை எனக்குச் சப்பென்று இருந்தது. உணவியல் படித்துவிட்டு நகம் பார்ப்பதா? ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. நிறையப் பேருக்கு நகம் நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. அவ்வளவுதான், எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது! கேன்டீன் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: "நகம் என்பது புரதம்." பக்கத்தில் முட்டை, சுண்டல், மீன், பருப்பு எல்லாவற்றின் படமும்.

பேக்கிங் பிரிவின் லைன் லீடர் கோமதி அக்கா அதன் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேடம், நகத்துல இன்னா புரோட்டீன் கீது? நகத்தத் துன்ன முடியுமா?"

"கெரட்டின்னு ஒரு புரதம்க்கா. நகம், முடி, மாட்டுக் கொம்பு, குளம்பு எல்லாமே அதாலதான் ஆனது. நாம சாப்பிடற புரதத்துலேர்ந்துதான் உடம்பு அதைச் செய்யுது."

"கொம்புமா?" அக்கா திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "அடியே, இனிமே எங்க மாமியாருக்கு முட்டயே போடக் கூடாது. இருக்கற கொம்பு பத்தாதா?"

கேன்டீனே அதிர்ந்தது. சிரிப்போடு சிரிப்பாக என் சுவரொட்டி பிரபலமாகிவிட்டது. நிர்வாகத்தை நச்சரித்து, காலை நாஷ்டாவில் ஒரு அவித்த முட்டையும், முட்டை வேண்டாதவர்களுக்குச் சுண்டலும் வாங்கிவிட்டேன். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

பலன்? பாதிதான் கிடைத்தது. காலையில் வெறும் டீயோடு ரயிலேறி வந்தவர்கள், வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றவர்கள் என்று சிலருக்கு, மாதங்கள் போகப் போக நகம் தேறியது. மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர்களுக்குப் புரதத்தில் குறையே இல்லை. உள்ளே போகும்போதெல்லாம் சோப்பு, பிறகு ஸ்பிரிட், ஈரம், உலர்த்தல் என்று மாற்றி மாற்றி நகத்தை வறட்டிக்கொண்டிருந்தது நம் வாசல்தான். போதுமான அளவு சாப்பிடுகிறவளுக்கு இன்னொரு முட்டை கொடுத்தால் நகம் இரும்பாகிவிடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் அதைவிட நல்லது. இதை நான் புரிந்துகொண்டேன். ஆனால் சுவரொட்டி அங்கேயேதான் இருந்தது. வரிசையில் நிற்கும் எல்லோர் மனத்திலும் அது பதிந்துவிட்டது. நகத்தில் எது வந்தாலும் புரோட்டீன்தான் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் ரெஹானாவின் நகத்தில் வெள்ளைக் கோடு வந்தது.

பெயரை மாற்றட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எதுக்கு? எம் பேரயே போடுங்க. நான் இன்னா திருடிட்டனா?" என்றாள். அதனால் ரெஹானா ரெஹானாவாகவே வருகிறாள். பழவேற்காட்டுக்காரி. கணவர் வீட்டார் மீனும் இறாலும் வாங்கி விற்கும் வியாபாரிகள். பேக்கிங்கில் தற்காலிக வேலை. கை வேகத்தில் அந்த லைனிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை.

ரம்ஜானுக்கு எல்லா விரல் நகத்திலும் அரைத்த மருதாணி வைத்திருந்தாள். சாயம் பிடித்த பிறகு நம் விதியில் அதற்குத் தடையில்லை. பண்டிகை முடிந்து சில வாரங்களில் நகம் வளர, மருதாணிச் சிவப்பு மேலே ஏறி, அடியில் புது நகம் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தப் புது நகத்தில், மருதாணி முடியும் ஓரத்தை ஒட்டிக் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. நடு மூன்று விரல்களிலும் இருந்தது, இரண்டு கைகளிலும்.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியல மேடம். மிஷின் மூடில தட்டியிருக்கும்."

அடிபட்டால் நகத்தில் வெள்ளை விழும். நகம் வளர வளர அது மேலே ஏறி, கடைசியில் வெட்டும்போது போய்விடும். "வளந்தா போயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். பிறகு தினமும் அந்தக் கை வந்தபோதெல்லாம் நகத்தின் நீளத்தை மட்டும் பார்த்து உள்ளே விட்டேன்.

பின்னால் நின்ற கோமதி அக்கா விடுவாரா? "அடிபடல, கிடிபடல. புரோட்டீன் இல்ல. செவுத்துல இவ்ளோ பெருசா எய்தி ஒட்டிக்கீறாங்கோ, படிக்கத் தெரியாதா? இந்தா, எம் முட்டயத் துன்னு."

அன்றிலிருந்து ரெஹானாவின் தட்டில் முட்டைகள் சேர ஆரம்பித்தன. பக்கத்து நாற்காலிக்காரி ஒன்று, எதிரே இருப்பவள் ஒன்று. கணவர் பொன்னேரியில் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் வாங்கும் புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றை வாங்கிவந்து பாலில் கலக்கிக் கொடுத்தார். முகம் உப்பி வந்தது. "பாத்தியா, மூஞ்சில களை வந்துடுச்சி" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான்.

அந்தச் சமயத்தில் வேலைக்கான ஷூவை மாற்றிக்கொண்டு, ஒரு அளவு பெரிதாக வாங்கினாள். அதற்கும் கோமதி அக்காவிடம் ஒரு வசனம் இருந்தது. "இருவது வயசுக்கு மேல பொம்பளைக்கு வாயிதான் வளரும்னு சொல்லுவாங்கோ. உனுக்கு இன்னாடி, காலு வளருது?"

ரெஹானாவே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த ஷூவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தக் காலை. நம் பிஸ்கட்டை மொத்தமாக வாங்கும் கம்பெனியிலிருந்து ஆலையைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். கேட்டில் வரிசை வளைந்து நிற்கிறது. பணியாளர் பிரிவு அதிகாரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். "சீக்கிரம், சீக்கிரம். ஆனா ஒண்ணும் தப்பக் கூடாது" என்கிறார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற திறமை அதிகாரிகளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ!

கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. திருப்பு, பார், போ. திருப்பு, பார், போ. ரெஹானாவின் கைகள் வந்தன. திருப்பினேன். என் வாய் "போ" என்று சொல்லத் திறந்து அப்படியே நின்றுவிட்டது.

மருதாணி ஏறியிருந்தது. நகத்தின் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் அந்த வெள்ளைப் பட்டை ஏறவில்லை! முன்பு பார்த்த அதே இடத்தில் அசையாமல் இருந்தது. அதற்கு மேலே, இத்தனை நாள் மருதாணிக்கு அடியில் மறைந்திருந்த இன்னொரு பட்டை இப்போது வெளியே தெரிந்தது. தண்டவாளம் மாதிரி இரண்டு கோடுகள்.

என் தலைக்குள் விளக்கு எரிந்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! மருதாணி நகத்தின் மேல் ஒட்டிய சாயம். நகம் ஏறினால் அதுவும் ஏறும். கோடும் நகத்தில் இருந்திருந்தால் கூடவே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அது நகத்தில் இல்லை. நகத்துக்கு அடியில், சதையில் இருக்கிறது. அவள் விரல் நுனியைப் பிடித்து நகத்தை அழுத்தினேன். கோடு மறைந்தது. விட்டேன். திரும்ப வந்தது.

கல்லூரியில் ஒரே ஒரு வகுப்பில் கேட்டது. இரத்தத்தில் புரதம் மிகவும் குறைந்துபோனால் நகத்தடியில் இப்படி இணைக்கோடுகள் விழும் என்று. சரி, அப்படியானால் கோமதி அக்கா சொன்னது சரிதானா? புரதக் குறைவா? ஆனால் இவள் இரண்டு வேளை மீன் தின்கிற வீட்டுக்காரி. தட்டில் ஊரார் முட்டையெல்லாம் இருக்கிறது. போதாததற்கு டப்பா பவுடர் வேறு.

"இன்னாச்சி?" என்று பின்னாலிருந்து அதிகாரி குரல். "நகத்துல ஏதோ வெள்ளையா இருக்குதே. ரெட் கார்டு போட்டு அனுப்புங்க மேடம், இன்னைக்கிப் போய் ரிஸ்க் எடுக்க முடியாது."

ரெஹானா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மேடம், வேணாம் மேடம். பர்மனெண்ட் லிஸ்ட்டு போடப் போறாங்கோ. இப்ப செவப்பு சீட்டு போட்டா எம் பேர அட்ச்சிடுவாங்கோ. ஊட்ல இத நம்பித்தான் கீறோம். நகத்த வோணா இங்கியே ஒட்ட வெட்டிடறேன்."

இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் நான் பத்திரம். இரக்கப்பட்டுப் பேசாமல் உள்ளே விட்டால் நான் நல்லவள். இரண்டிலும் என் மனசு லேசாகிவிடும். இரண்டிலும் ரெஹானாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

வரிசை முனகுகிறது. சைரன் ஊதப் போகிறது. நான் எனக்குள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: இந்தச் சிவப்புச் சீட்டு எதற்காக இருக்கிறது? பிஸ்கட்டைக் காப்பாற்ற. புண்ணிலிருந்து கிருமி போகக் கூடாது, உடைந்த நகம் மாவில் விழக் கூடாது. இந்தக் கோடு ஒட்டாது, உதிராது, கசியாது. பிஸ்கட்டுக்கு இதனால் ஒரு ஆபத்தும் இல்லை. ஆபத்து இருப்பது இவளுக்கு. இவளுக்குச் சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டும்.

"சார், இது தொற்று இல்ல. நகம் முழுசா இருக்கு, புண் இல்ல. விதிப்படி சீட்டுக்கு வேலையே இல்ல. நான் பொறுப்பு" என்றேன் திரும்பாமலே. பிறகு அவளிடம்: "உள்ள போங்க. டீ பிரேக்குல நேரா முதலுதவி ரூமுக்கு வரணும். வரலேன்னா லைனுக்கே வந்து கூப்புடுவேன்."

வந்தாள். முகத்தில் கோபம். "நான்தான் நல்லா சாப்புடறேனே மேடம்! இன்னும் எத்தினி முட்ட துன்றது? பேஜாரா கீது."

"சாப்பிடறீங்க. அதான் கேக்குறேன். சாப்பிடறதெல்லாம் எங்க போவுது?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்கே புரிந்தது. இத்தனை நாளும் என்ன உள்ளே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். என் சுவரொட்டியும் அதைத்தான் சொன்னது. என்ன வெளியே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கண் அவள் ஷூவில் விழுந்தது. பெரிய ஷூ. "அதைக் கழட்டுங்க" என்றேன். சாக்ஸின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நான் விரலால் அழுத்திய இடம் குழிந்து, குழியாகவே நின்றது. கால் வளரவில்லை. வீங்கியிருந்தது. முகத்தில் வந்தது களையும் இல்லை.

"காலைல எழுந்ததும் கண்ணு உப்பிக்கினு இருக்குதா?"

"ஆமா. தூக்கம் பத்தலன்னு..."

"யூரின் போனா நுரை நிக்குதா?"

"சோப்புத் தண்ணி மாதிரி. பாத்ரூம் கழுவுன சோப்புன்னு நெனச்சிக்கினேன்."

முதலுதவி அறை நர்ஸிடம் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டைகள் இருந்தன. மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம் எங்கள் கண்ணெதிரிலேயே பச்சையாகி, இன்னும் இருண்டுகொண்டே போனது. புரதம். அத்தனை மீனும் முட்டையும் பவுடரும் சிறுநீரில் வழிந்துகொண்டிருந்தது.

அந்த நொடியில் எனக்கு வந்த உணர்ச்சியை மறைக்க மாட்டேன். பயம் பாதி, ஆனந்தம் பாதி. கண்டுபிடித்துவிட்டோம்! ஆனால் நாம் டாக்டர் இல்லை. நோயின் பெயரைச் சொல்ல என் நாக்கு துறுதுறுத்தது, சொல்லவில்லை. சரியான கேள்வியை டாக்டர் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. அன்று பிற்பகலே மருத்துவ விடுப்பில் அவளை அனுப்பினோம். கோமதி அக்கா கூடப் போனார். போகும்போது என்னிடம், "நானே முட்டயக் குட்த்துக் கெட்த்துட்டேனா மேடம்?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் ஜோக் இல்லாமல் பேசி நான் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான். "இல்லக்கா. உங்க முட்டையால வந்த நோய் இல்ல இது. சுவரொட்டி என்னோடது" என்றேன்.

சிறுநீரகத்தின் வடிகட்டி ஓட்டையாகிப் புரதத்தை விட்டுக்கொண்டிருக்கிறது என்று சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நல்ல வேளையாகச் சீக்கிரம் வந்தாள், மருந்துக்குக் கட்டுப்படும் என்றார்கள். பவுடர் டப்பாவை மூடச் சொன்னார்கள். அளவாகச் சாப்பாடு, உப்பைக் குறை. ஓட்டைப் பானையில் தண்ணீரை அதிகம் ஊற்றிப் பயனில்லை, முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

நான் ஃபோனில் விசாரித்தபோது அவள் புகாரெல்லாம் வேறாக இருந்தது. "மாத்திர கூட பரவால்ல மேடம். கருவாடு துன்னக் கூடாதுன்றாங்கோ. பழவேற்காட்டுல வாக்கப்பட்டவ கருவாடு துன்னாம இருக்கறதா? இது இன்னா வைத்தியம்?" அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் தேறிவிடுவாள் என்று.

நிரந்தரப் பட்டியல் வந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். பெயர் இருந்தது. எதிராகச் சொல்ல ஒரு சீட்டும் இல்லையே! அதிகாரி என்னைப் பார்த்து, "உங்க நல்ல நேரம்" என்றார். இருக்கலாம். ஆனால் அடுத்த மாதமே, கேட்டில் சந்தேகம் வந்தால் முதலில் முதலுதவி அறை, பிறகுதான் சீட்டு என்று முறையை மாற்றியதும் அவர்தான். சுவரொட்டியை நானே கிழித்தேன். முட்டை மட்டும் நாஷ்டாவில் தொடர்கிறது. அது தேவைப்படுகிறவர்கள் இன்னமும் அந்த ரயிலில் வருகிறார்கள்.

டாக்டர் அனுமதித்த பிறகு ரெஹானா வேலைக்குத் திரும்பினாள். பழைய ஷூ காலுக்குச் சரியாக இருந்தது. தினமும் அவள் கை வரும். நான் நகத்தை அழுத்துவேன். கோடுகள் மங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் காணாமல் போயின. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "இன்னா, இவ நகத்துக்கு மட்டும் திருவிழாவா?" என்றார் கோமதி அக்கா.

இந்த நோய் சிலருக்குத் திரும்ப வருமாம். டாக்டர் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அதனால் அடுத்த பண்டிகை நெருங்கியபோது எனக்குள் ஒரு நமைச்சல். மருதாணி வைத்தால் நகம் மறைந்துவிடுமே, வைக்காதே என்று சொல்லிவிடலாமா? ஆசையாக வைத்துக்கொள்கிறவளிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பண்டிகை முடிந்து வந்தாள். மேடையில் கைகளை நீட்டினாள். நல்ல சிவப்பு. திருப்பினேன். இரண்டு கைகளிலும் மோதிர விரல் நகம் மட்டும் வெறுமையாக, சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது மட்டும் ஏன்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"உங்களுக்குத்தான் ஜன்னல் தொறந்து வெச்சிக்கீறேன். அங்கேர்ந்து எட்டிப் பாத்துக்கோங்க."

நான் போகிறேன் என்று சொன்ன அன்று அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "புதுசா வர்றவங்களாண்ட சொல்லிட்டுப் போங்க மேடம்" என்றாள். "நகத்து நீளத்த மட்டும் பாத்துட்டு 'போ'ன்னு சொன்னா நான் போவ மாட்டேன். அந்த வெரல அமுக்கிப் பாக்கற வரைக்கும் அங்கியே நிப்பேன். பின்னால லைன் எவ்ளோ கத்துனாலும் சரி."

நிற்பாள். எனக்குத் தெரியும்.